ஹசன் அலி மகன் மதார், இரண்டு பேர்

மேலப்பாளையத்தில் பெயரைச் சொல்லி ஒரு ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்புகிறவர் கட்டாயம் வெளியூர்க்காரராகத்தான் இருப்பார். பாட்டனார் பெயரைத் தலைச்சன் பேரனுக்கு வைப்பது அந்த ஊரில் பல குடும்பங்களின் வழக்கம். மதாரின் மகன் ஹசன் அலி. ஹசன் அலியின் மகன் மறுபடி மதார். அந்த மதாருக்கு மகன் பிறந்தால் அவன் பெயர் என்ன என்று ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. இப்படி ஒரே வீட்டில் பாட்டனும் பேரனும் ஒரே பெயரோடு, ஒரே தகப்பன் பெயரோடு ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். தபால்காரருக்குக்கூட இதில் குழப்பம் வந்ததில்லை. ஜன்னத்துல் பிர்தௌஸ் என்ற பெண் கணினியில் புரோகிராம் எழுதிய பிறகுதான் வந்தது.

பிர்தௌஸுக்கு வயது முப்பத்தைந்து. கணவர் ஆதில் குவைத்தில் ஒரு குளிர்சாதனக் கிடங்கில் வேலை பார்க்கிறார். மகள் ஆறாம் வகுப்பு. பிளஸ் டூ முடிக்கும்வரை உம்மா ஆபிதா பீவியோடு உட்கார்ந்து பீடி சுற்றியவள் பிர்தௌஸ். இலை வெட்டில் ஒரு நூல் பிசகினாலும் கடையில் கழித்துவிடுவார்கள் என்பதால் எதையும் அளவாகச் செய்யும் பழக்கம் அவளுக்கு விரலிலேயே இருந்தது. பிறகு அஞ்சல் வழியில் பி.காம். பிறகு கல்யாணம். அதற்குப் பிறகு, கொரோனா அடைப்பில் ஊரே வீட்டுக்குள் கிடந்தபோது, ஆதில் விட்டுப்போன பழைய மடிக்கணினியில் தமிழ் வீடியோக்களைப் பார்த்துப் புரோகிராம் எழுதப் பழகினாள். முதலில் ஒரு கால்குலேட்டர். ஏழையும் எட்டையும் கூட்டினால் எழுபத்தெட்டு என்றது. மூன்று நாள் போராடி அதைப் பதினைந்து என்று சொல்லவைத்தபோது அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மாமி பிரசவமோ என்று ஓடிவந்தாளாம்.

கால்குலேட்டரோடு நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை. சந்தைக்குப் பக்கத்தில் அலுமினியப் பாத்திரக் கடை வைத்திருக்கும் அலி அஸ்கர் அண்ணாச்சி, கடை மாடியில் ஒரு ரத்த தானச் சங்கம் நடத்துகிறார். ரத்தம் கொடுக்கச் சம்மதித்தவர்கள் விவரமெல்லாம் நீளமான ஒரு நோட்டில் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் அண்ணாச்சி எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி, யார் எந்த வகை, கடைசியாக எப்போது கொடுத்தார் என்று பார்த்துச் சொல்வார். மாதம் பிறந்தால் பதிவுகளைச் சரிபார்க்க வரும் பிர்தௌஸ் ஒருநாள், "இதுக்கு நான் ஒரு புரோகிராம் எழுதித் தாரேன் அண்ணாச்சி" என்றாள். அண்ணாச்சி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எழுது. காசா பணமா" என்றார்.

நாலரை மாதம் ஆயிற்று. ரத்த வகையை அமுக்கினால் பட்டியல் வந்தது. கொடுத்து மூன்று மாதம் ஆகாதவர்களின் பெயர் சாம்பல் நிறத்தில் ஒதுங்கி நின்றது. புது ஆளைப் பதிந்தால் பச்சை எழுத்தில் 'சேமிக்கப்பட்டது' என்று வந்தது. நோட்டில் இருந்ததையெல்லாம் அவளே உட்கார்ந்து ஏற்றினாள். ஏற்றும்போது அண்ணாச்சி பெயருக்குப் பக்கத்தில் கிறுக்கி வைத்திருந்த 'பெரியவர்', 'சின்னவன்', 'பால்வாடி பக்கம்', 'இவன் இல்லை மற்றவன்' போன்ற குப்பைகளையெல்லாம் விட்டுவிட்டாள். திரையில் அவற்றுக்குக் கட்டம் இல்லை. பட்டியல் கழுவிவிட்ட முற்றம் மாதிரி சுத்தமாக இருந்தது. அதில் அவளுக்குப் பெருமையென்றால் அப்படியொரு பெருமை.

திறப்பு விழாவுக்கு அவளுடைய வாப்பா மதார் தேய்த்த சட்டை போட்டு வந்தார். வயது அறுபத்திரண்டு, பெட்சீட் வியாபாரம். பி நெகட்டிவ். லேசில் கிடைக்காத வகை. முப்பத்தேழு தடவை கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு தடவைக்கும் ஆஸ்பத்திரி கொடுத்த அட்டையை பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருக்கிறார். வேறு எதிலும் பீற்றிக்கொள்ளாத மனிதர், இந்த ஒன்றில் மட்டும் கொஞ்சம் பீற்றுவார். மகள் திரையில் அவர் பெயரைக் காட்டியபோது கண்ணாடியை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டிப் பார்த்தார்.

அடுத்த மாதம் அவர் பேரனுக்குப் பதினெட்டு முடிந்தது. பிர்தௌஸின் அண்ணன் ஹசன் அலியின் மகன். பாளையங்கோட்டையில் கல்லூரி படிக்கிறவன். பேரும் மதார்தான். ஓ பாசிட்டிவ். பிறந்தநாளன்றே அவனைக் கூட்டிவந்து பிர்தௌஸ் தன் கையால் நோட்டிலும் கணினியிலும் பதிந்தாள். குடும்பத்தில் இரண்டாவது மதாரும் வந்துவிட்டான் என்ற சந்தோஷத்தில் பச்சை எழுத்தைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்தாளே தவிர, உள்ளே என்ன நடந்தது என்று பார்க்கவில்லை.

அந்த வாரமே அலி அஸ்கர் அண்ணாச்சி சவூதியில் தம்மாமில் இருக்கும் மகனைப் பார்க்கப் போனார். போனவர் ஏழு மாதம் தங்கிவிட்டார். சங்கத்தில் தொண்டர்கள் முறைவைத்துப் போனெடுத்தார்கள். திரை காட்டிய ஆளைக் கூப்பிட்டார்கள். பிர்தௌஸ் பதிவோடு சரி, போன் அவள் வேலை இல்லை.

மதார் வீட்டில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு வீட்டுப் போன் உண்டு. அந்த ஏழு மாதத்தில் அதற்குச் சங்கத்திலிருந்து இரண்டு தடவை அழைப்பு வந்தது. "ஹசன் அலி மகன் மதார் இருக்காரா?" என்று கேட்டபோது இரண்டு தடவையும் பெரியவர்தான் எடுத்து "நாந்தான், சொல்லுங்க" என்றார். இரண்டு தடவையும் மறுமுனையில், "ஓ பாசிட்டிவ் மதாரா?" என்றார்கள். போனைப் பேரனிடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மாலையில் அஸர் தொழுதுவிட்டுத் தினமும் மகள் வீட்டுக்கு வந்து ஒரு தேயிலை குடிப்பார். ஒருநாள் மட்டும், "சங்கத்துல அறுவது தாண்டுனவங்களக் கழிச்சிட்டீங்களோ?" என்று பொதுவாகக் கேட்டார். "இல்லியே வாப்பா, அறுவத்தஞ்சு வரைக்கும் குடுக்கலாமே" என்று அவள் கீரை ஆய்ந்துகொண்டே பதில் சொன்னாள். அவர் சரி என்று எழுந்து போனார். அவருக்கு அது ஆறுதல் வார்த்தையாகப் பட்டிருக்கிறது. இந்த வாப்பாமார்களின் ரோஷம் இருக்கிறதே, அதற்கு மருந்து கிடையாது.

அண்ணாச்சி ஊர் திரும்பிய மறுநாளே மாடியேறி நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் மணிமுத்தாற்றுப் பெண் ஒருத்திக்குப் பி நெகட்டிவ் கேட்டு, தொண்டர்கள் நாகர்கோவில்வரை போன் போட்டு ஆள் பிடித்திருந்தார்கள். அண்ணாச்சி அந்த வகையை அமுக்கிப் பார்த்தார்.

"என்னம்மா பிர்தௌஸு, மூணு பேருதான் காட்டுது? நாலு பேருல்லா?"

"நாலாவது யாரு அண்ணாச்சி?"

"என்ட்டயா கேக்கே? உன் வாப்பா!"

பிர்தௌஸ் பெயரைத் தட்டினாள். 'மதார், தகப்பனார் ஹசன் அலி, வயது 18, ஓ பாசிட்டிவ்' என்று வந்தது. இன்னொரு தடவை தட்டினாள். அதே பதினெட்டுதான் வந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நாகர்கோவிலுக்கு நெய் தேடிப் போயிருக்கிறார்கள்.

"உசுரோட இருக்க மனுசன உன் மிஷினு அடக்கம் பண்ணிட்டுல்லா!" என்றார் அண்ணாச்சி. கோபத்தைவிட அதிர்ச்சிதான் குரலில் இருந்தது. "இன்னும் எத்தன பேரு போனாங்களோ. ஞாயித்துக்கெழம வரைக்கும் பாரு. சரியாகலைன்னா நோட்டத் தூக்கிருவேன். உம்மேல வருத்தம் ஒண்ணும் இல்ல. ஆனா இது ரத்தம், புள்ள."

அவளும் ஒரு தொண்டரும் நோட்டையும் திரையையும் வரிக்கு வரி ஒப்பிட்டார்கள். நோட்டில் நானூற்று முப்பத்தொன்று. கணினியில் நானூற்றுப் பதினேழு. பதினான்கு பேரைக் காணோம். அதில் பதினொரு பேர் பாட்டன்மார்கள். அப்போதுதான் வாப்பா கேட்ட கேள்வி அவளுக்கு உறைத்தது. உம்மாவுக்குப் போன் போட்டு விசாரித்தபோது, உம்மா பக்கத்திலிருந்து பார்த்த அந்த இரண்டு அழைப்புகளின் கதையும் வெளியே வந்தது. போனை வைத்துவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அழுதால் புரோகிராம் சரியாகுமா? புதிதாக டெஸ்க்டாப் புரோகிராம் எழுதுகிறவர்கள் சந்தேகம் கேட்கும் குழு ஒன்று டெலிகிராமில் இருந்தது. ஒரு வருஷமாக அதில் சேர்ந்து படித்துக்கொண்டு மட்டும் இருந்தாள், வாயைத் திறந்ததில்லை. மறுநாள் மகள் பள்ளிக்கூடம் போனதும் செல்போனால் திரையைப் படம் பிடித்து, 'நானூறு பேர் பட்டியலில் டேட்டா காணாமல் போகிறது. அவசரம். உதவி தேவை' என்று போட்டாள். குமரகுருபரன் என்று ஒருவர் பதில் போட்டார்: "மேடம், படத்துல உங்க வீட்டு ஃபேன் நல்லா தெரியுது. பிழைதான் தெரியல."

பிர்தௌஸுக்குக் காது சிவந்துவிட்டது. குழுவை விட்டே வெளியேறப் போனாள். அதற்குள் அடுத்த வரி வந்தது: "கோபப்படாதீங்க. நானும் முதல்ல இப்படித்தான் அனுப்பினேன், என் படத்துல சாம்பார் வாளி இருந்துச்சு. என்ன நடக்கணும், என்ன நடக்குது, இந்த ரெண்டையும் எழுதுங்க. முழு புரோகிராமும் வேண்டாம். பிழை வர்ற அளவுக்குச் சின்னதா ஒண்ணு செஞ்சு போடுங்க. நானூறு பேர் எதுக்கு? ரெண்டு பேர் போதும்."

இரண்டு பேர். அவள் புதிய பக்கம் ஒன்றைத் திறந்து பதினொரு வரியில் ஒரு சின்னப் புரோகிராம் எழுதினாள். முதல் ஆள்: மதார், தகப்பனார் ஹசன் அலி, பி நெகட்டிவ். இரண்டாவது ஆள்: மதார், தகப்பனார் ஹசன் அலி, ஓ பாசிட்டிவ். ஓடவிட்டாள். ஒரே ஒரு ஆள் வந்தான்.

கேள்வியை அனுப்புவதற்கு முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆளுக்கொரு பெட்டி செய்து, அவர் பெயரையும் தகப்பன் பெயரையும் பெட்டி மூடியில் ஒட்டியிருந்தாள். அதே பெயரில் இரண்டாவது ஆள் வந்தால் கணினி புதுப் பெட்டி செய்யாது. பழைய பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பவரை வெளியே எறிந்துவிட்டு, வந்தவரை வைத்து மூடிவிடும். குதிரை கீழே தள்ளியதும் போதாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். எறிந்தது போதாதென்று பச்சை எழுத்தில் 'சேமிக்கப்பட்டது' என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லவைத்ததும் அவள்தான்.

ஆனாலும் கேள்வியை அனுப்பினாள். மூடியில் எதை ஒட்டுவது என்று தெரியவில்லையே! பதில்கள் மளமளவென்று வந்தன. போன் நம்பரை ஒட்டுங்கள் என்றார் ஒருவர். வீட்டுக்கே ஒரு போன்தான் என்றாள். கதவு எண் என்றார் இன்னொருவர். ஒரே கதவு என்றாள். பிறந்த தேதி என்று சித்ரலேகா என்ற பெண் எழுதினாள். எங்கள் வாப்பா காலத்து ஆள்களில் பாதிப் பேர் பள்ளிக்கூட வாத்தியார் புண்ணியத்தில் ஒரே தேதியில் பிறந்தவர்கள் என்றாள் பிர்தௌஸ். பிறகு சித்ரலேகா எழுதினாள்: "உங்க ஊர் நல்ல ஊர் மேடம். கம்ப்யூட்டருக்குத்தான் லாயக்கில்ல."

குமரகுருபரன் கடைசியில் வந்தார். "மனுசங்களப் பத்தின எதையும் ஒட்டாதீங்க. வர்ற வரிசையில ஆளுக்கு ஒரு எண் கொடுங்க. ஒரு தடவ கொடுத்த எண்ணை வேற யாருக்கும் கொடுக்காதீங்க. அவ்வளவுதான்." கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். தொழில் தெரிந்தவர்களுக்கு இது பாலபாடம். ஆனால் பாலபாடத்தை முட்டிமோதித் தானாகக் கற்றவளுக்குத்தான் அது ஏன் பாலபாடம் என்று தெரியும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பாட்டுக்குப் பின் அவள் வாப்பா வீட்டுக்குப் போனாள். பெரியவர் ஊஞ்சலில் இருந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"வாப்பா, ஒங்கள யாரும் கழிக்கல. நான் எழுதுன புரோகிராம்ல தப்பு. ஒங்க பேரனப் பதிஞ்சப்ப ஒங்க பேரு அழிஞ்சு போச்சு. நாந்தான் அழிச்சேன்."

அவர் ஊஞ்சலைக் காலால் நிறுத்தினார். திட்டப் போகிறார் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்ப எனக்கு வயசாகலையா?" என்றார்.

உள்ளேயிருந்து ஆபிதா பீவிதான் சொன்னாள்: "வயசெல்லாம் ஆயிட்டு. ரத்தத்துக்கு ஆகல. போதுமா?"

மற்றப் பதின்மூன்று வீட்டுப் படியையும் பிர்தௌஸ் அடுத்த நாளே ஏறி இறங்கினாள். போனில் சொன்னால் போதாதா என்று அண்ணாச்சி கேட்டதற்கு, போனால் வந்த வினைதானே இது என்றாள். ஒரு வீட்டில் சர்பத் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் பெரியவர் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார், பிறகு தன் ரத்த வகையைத் தானே ஒருமுறை சத்தமாகச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். பால்வாடி பக்கத்துக்காரர், "என்னய வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னு நெனச்சேன் தாயி" என்றார். இத்தனை மாதமாக அந்தத் தெருக்களில் எத்தனை பேர் தங்களுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்!

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணாச்சி நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பரீட்சை நடத்தினார்.

"பதி. ஹசன் அலி மகன் மதார்."

அவள் பதிந்தாள். பச்சை எழுத்து வரவில்லை. 'இந்தப் பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். இவர் வேறு ஆளா?' என்று ஒரு சின்னக் கட்டம் எழும்பி வழிமறித்தது. கீழே முந்தைய இரண்டு பேரின் விவரமும் இருந்தது. அண்ணாச்சி விடவில்லை. அதே பெயரை இன்னொரு தடவை, பிறகு இன்னொரு தடவை பதியச் சொன்னார். ஐந்து மதார்கள் ஆளுக்கொரு எண்ணோடு வரிசையாக நின்றார்கள். பட்டியலின் தலையில் மொத்தம் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையும் இருந்தது. நோட்டிலிருந்து விட்டுவிட்ட 'பெரியவர்', 'சின்னவன்' கிறுக்கல்களுக்கு 'அடையாளம்' என்று தனிக் கட்டமே போட்டிருந்தாள். அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டுத் தன் நோட்டைத் தடவிக்கொண்டார்.

"என் கிறுக்கலுக்கும் மருவாதி வந்துட்டே" என்றார். விளையாட்டுக்குப் பதிந்த மூன்று மதார்களையும் அழிக்கச் சொல்லி, அழிக்கும்போது மற்ற இரண்டு பேரும் பத்திரமாக இருக்கிறார்களா என்று இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். பிறகு நோட்டை அலமாரியில் வைத்தார். பூட்டவில்லை. "இருக்கட்டும், சோறா கேக்குது" என்று சொல்லிவிட்டுக் கடைக்கு இறங்கிப் போனார். ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்கு அந்தச் செருப்புச் சத்தத்தில் தெரிந்தது.

அன்று மாலை குழுவைத் திறந்தாள். திருச்செந்தூரில் வேன் வாடகைக்கு விடும் ஒருவர், பதிவு செய்த ஆள்கள் காணாமல் போகிறார்கள் என்று திரையைப் படம் பிடித்துப் போட்டிருந்தார். படத்தில் சாமி காலண்டர் தெளிவாக இருந்தது. குமரகுருபரன் அதற்குப் பதில் போடாமல் பிர்தௌஸின் பெயரைக் குறிப்பிட்டு, "இது உங்க சப்ஜெக்ட்" என்று எழுதியிருந்தார். அவள் கேட்டாள்: "அண்ணே, உங்க பட்டியல்ல ஒரே பேர்ல நெறைய பேர் இருக்காங்களா?" உடனே பதில் வந்தது: "இங்கன பாதிப் பேரு செந்தில்தாம்மா!" அவள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பெட்டி, மூடி, எண் எல்லாவற்றையும் வரி வரியாக விளக்கினாள். கேட்பவளாகவே இருந்தவள் முதல்முதலாகச் சொல்பவள் ஆனாள். மார்பு விம்மத்தான் செய்தது. ஏன் மறைக்க வேண்டும்?

பதினோரு நாள் கழித்து, ஒரு புதன்கிழமை காலை, மதார் வீட்டுப் போன் அடித்தது. அன்று போன் முறை புதிதாகச் சேர்ந்த ஒரு பையனுடையது. அவனுக்கு மதாரையும் தெரியாது, பிர்தௌஸ் யார் மகள் என்றும் தெரியாது. திரையில் இருந்ததைப் படித்தான்.

"ஹசன் அலி மகன் மதார் இருக்காங்களா?"

பெரியவர் இந்தத் தடவை நாந்தான் என்று முந்தவில்லை. "எந்த மதார் வேணும்?" என்று பையக் கேட்டார்.

"பி நெகட்டிவ். இருபத்துமூணாம் நம்பர். பெரியவர்னு போட்டிருக்கு."

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் அவருக்கு முன்னால் நாலு பேர் காத்திருந்தார்கள். தேய்த்த சட்டையோடு போய் நின்றவர், பெயரைக் கேட்ட நர்ஸிடம் "மதார், இருபத்துமூணாம் நம்பர்" என்றாராம். எங்கள் வரிசையில் அப்படி ஒரு நம்பரே இல்லையே என்று அந்தப் பெண் முழித்ததாம். அவர் கவலைப்படவில்லை. முப்பத்தெட்டாவது அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல் நேரே சங்கத்து மாடிக்கு ஏறினார். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. பிர்தௌஸ் எழுந்து நாற்காலியை இழுத்துப்போட்டாள்.

"என் பேரக் காட்டு" என்றார்.

அவள் காட்டினாள். ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு வரிகள். இரண்டிலும் அதே பெயர், அதே தகப்பனார், அதே கதவு எண், அதே போன். முதல் வரி சற்றுமுன் சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தது. இன்னும் மூன்று மாதத்துக்கு அவரைக் கூப்பிட மாட்டார்கள் என்று அர்த்தம். அவர் கண்ணாடியை மாட்டி விரலை வைத்துப் படித்தார். தன் வரியைப் படித்துவிட்டு விரலைக் கீழே இறக்கிப் பேரன் வரியையும் படித்தார். மறுபடி மேலே வந்தார்.

"ரெண்டு பேரும் இருக்கோம்லா" என்றார்.

"இருக்கீங்க வாப்பா" என்றாள்.